மூக்கு தெற்கே

லாஸ்பேட்டைக்கு அது வந்தது நல்ல வெயிலில்.
நாலு பேர் உட்காரும் ஒற்றை விசிறி விமானம்.
பிலோமின் அக்கா வீட்டு அம்பாசிடரைவிட
முன்னூறு கிலோவாவது எடை குறைவு.
கேப்டன் குரியன் படிவத்தில் எழுதினார்:
தற்காலிக நிறுத்தம், இரண்டு இரவு.
கொட்டகையில் இடமில்லை என்றேன்.
வானத்தை ஒருமுறை பார்த்தார்,
'வெளியிலேயே இருக்கட்டும்.'
ஆட்டோ ஏறிக் கடற்கரைச் சாலைக்குப் போய்விட்டார்.

மறுநாள் கடலூர்த் துறைமுகத்தில்
எட்டாம் எண் கூண்டு.
கலிவரதன்தான் சொன்னான், அவன் முதுநகர்க்காரன்,
கூண்டு எண்ணைக் கேட்டுத்தான் சோறே உண்பான்.

என்னிடம் ஒன்றரைப் பக்கக் குறிப்பு இருந்தது.
விசிறியைப் பிடித்துத் தள்ளாதே.
வாலின் நுனியை அமுக்காதே.
மூக்கு காற்றைப் பார்க்கட்டும்.
கயிற்றில் ஒரு விரல் தளர்வு விடு.
எந்தக் கயிறு என்று அதில் இல்லை.
ஸ்டோரில் கிடந்தது சணல்;
நனைந்தால் சுருங்கி இறக்கையையே இழுத்து ஒடிக்கும்.
தம்பி வம்பாகீரப்பாளையத்திலிருந்து
விசைப்படகு நைலானைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தான்,
மீன் வாடையோடு.

வடக்கே மூக்கு.
இறக்கைக்கு ஒன்றாக இரண்டு, வாலுக்கு ஒன்று,
தரை வளையத்தில் தம்பியின் முடிச்சு.
சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை.
மடல்கள் ஆடாதிருக்கக் கைப்பிடியில் ஆணி.
காற்றை அளக்கும் ஊசிக்குழாய்க்குச்
சிவப்பு நாடா வைத்த உறை;
குளவிக்கு அது ஒரு வீடு, விட்டால் மண் பூசிவிடும்.
இரண்டு டேங்கிலும் பெட்ரோல் முட்ட முட்ட,
கனத்துக்காக.

இரவு பதினொன்றுக்கு வாடை வந்தது.
தொண்ணூறு கிலோமீட்டரில் தரையை விடும் வண்டி இது.
காற்று நூற்றைத் தொட்டது.
யாரும் ஏறாமல், சாவி போடாமல்,
நின்ற இடத்திலேயே அது பறந்துகொண்டிருந்தது.
டார்ச் வெளிச்சத்தில் சக்கரம்
மூச்சளவு எழுந்து இறங்கியதைப் பார்த்தேன்.
கயிறு ஒவ்வொரு முறையும் 'ம்' என்றது.

இரண்டு பத்துக்கு எல்லாம் நின்றது.
ஹெலிபேடு மைதானத்தில் ஒரு நாய் குரைத்தது
பக்கத்தில் குரைத்ததுபோல் கேட்டது.
மேலே நட்சத்திரம், நாலோ ஐந்தோ.
'ஓய்ஞ்சிடுச்சுக்கா' என்றான் கலிவரதன்.
'இது கண்ணுடா. இமைக்கும்.'

எவ்வளவு நேரத்தில் என்று இருவருக்கும் தெரியாது.
வால் பக்கம் அடித்தால் பின்னாலிருந்து புரட்டிவிடும்.
கேப்டனுக்குப் போன் போட்டேன், கோபுரமே இல்லை.
அடுத்தவர் பொருள்; அவிழ்த்தேன்.
ஈர முடிச்சு பல்லுக்குத்தான் இணங்கியது.
மூக்குச் சக்கரத்தில் இழுகம்பி மாட்டி அவன் இழுக்க,
இறக்கை முட்டுக்கம்பத்தின் அடியில் நான் தோள் கொடுக்க,
தண்ணீர் தேங்கிய தளத்தில் அது
கன்றுக்குட்டிபோல் முரண்டி, பிறகு சட்டென்று வந்தது.
தெற்கே மூக்கு.
மூன்றாவது வளையத்தில் சுற்று போடும்போதே
என் ஈரக் கழுத்தில் காற்று மாறியது.

திசைப்படி அதன் பெயர் தென்றல்.
சொல்ல நாக்கு கூசும்.
கொட்டகைத் தகடு ஒன்று
ஓடுபாதையை நெடுக உரசிக்கொண்டு ஓடியது.
பம்ப் அறைக்குள் நாங்கள் குந்தியிருந்தோம்.
நாலு மணிக்குத்தான் கலிவரதன் என்னைத் திரும்பிப் பார்த்தான்:
'அக்கா, இழுகம்பி?'

கழற்றவே இல்லை.
இரண்டாம் பாதிப் புயல் முழுக்க
அது மூக்குச் சக்கர மூடியை இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.
விடிந்ததும் பார்த்தோம்.
இறக்கை, வால், கண்ணாடி, எல்லாம் இடத்தில்.
மூடியில் மட்டும் மூன்று அங்குலம் வெள்ளைப் பெயின்ட் போய்
உள்ளே சாம்பல் தெரிந்தது.
'புயல்னு எழுதுக்கா' என்றான்.
சேதம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
கீறல் ஒன்று. இழுகம்பி. மறந்தது நாங்கள்.

கேப்டன் வந்து சுற்றிப் பார்த்தார்.
'வடக்கே பார்த்துத்தானே கட்டினீர்கள்?'
'ஆமாம் சார்.'
கீறலில் கட்டைவிரலை வைத்து
கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தார்.
பில்லில் இரண்டு இரவு நிறுத்தக் கட்டணம் போட்டேன்.
திருப்பியதற்குப் பட்டியலில் விலை இல்லை.

அது கிளம்பிக் கடல் பக்கம் சாய்ந்தபோது
தம்பியிடமிருந்து போன்:
கயிறை எப்போ தர்றே, நாளைக்குத் தொழிலுக்குப் போகணும்.